எதிர்ப்பு வந்துவிட்டது

அந்த அம்மையாரிடம் எதையும் ஒருமுறை சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. "சரிங்க, இப்ப நீங்க என்ன புரிஞ்சுக்கிட்டீங்கன்னு எனக்குச் சொல்லுங்க" என்பார். தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளை அறிவிக்க வரும் குடியிருப்புச் செயலாளர் முதல் காய்கறி வண்டிக்காரர் வரை எவருக்கும் இதில் விலக்கு இல்லை. செயலாளர் படைத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மராட்டியப் பெரியவர், எதற்கும் அஞ்சாதவர். அவரே இந்த அம்மையார் எதிரில் வருவதைக் கண்டால் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் எவரும் இல்லாமலே "ஹோ, ஹோ" என்று மராட்டியில் ஆமாம் போட்டபடி ஒதுங்கிப் போவார்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், மராட்டிய மாநிலத்துச் சாங்வியில் எங்கள் அடுக்ககத்தின் எட்டாம் மாடியில் அந்த அம்மையார் குடியிருந்தார். நான் ஆறாம் மாடி. கோவைப் பக்கத்துக்காரர், நாற்பதைக் கடந்த அகவை, தனியே வாழ்ந்தார். நகரின் மருத்துவமனை ஒன்றில் நோய்க்கூற்று மருத்துவர். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து, மிக மெல்லிய ஏடாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இது புற்றா அன்றா, புற்றெனில் எவ்வகை என்று எழுதித் தருவது அவர் தொழில். நோயாளிகள் அவர் முகத்தைப் பார்ப்பதே அரிது. அவர் எழுதும் நான்கு வரிகளைத்தான் கையில் வைத்துக்கொண்டு அழுவார்கள், அல்லது பெருமூச்சு விடுவார்கள்.

பழைய விடையை நம்பாமை என்பது அவரிடம் ஓர் ஒழுக்கமாகவே இருந்தது. முன்பு பார்த்த நோயாளியின் திசு மறுமுறை வந்தால், தாம் எழுதிய பழைய அறிக்கையைக் கவிழ்த்து வைத்துவிட்டே நுண்ணோக்கியில் கண் வைப்பாராம். "தெரிஞ்சுட்டுப் பாத்தா, என் பழைய பதிலை நானே காப்பியடிச்சுருவேனுங்க அய்யா" என்று ஒருமுறை கூறினார். உடன் பணியாற்றிய இளையவர்களுக்கு இது பெருந்தொல்லை. கால் மணியில் முடியும் வேலை ஒரு மணி நேரம் ஆகும். எனக்கும் தொல்லைதான். மின்தூக்கியில் சந்திக்கும் நாளெல்லாம் சர்க்கரைநோய் மாத்திரை உட்கொண்டேனா என்று கேட்பார்.

"நேற்றுத்தானே கேட்டீர்கள்?"

"நேத்துக்கு நேத்துப் பதில் சொல்லீட்டீங்க. நான் கேக்கறது இன்னைக்குங்க."

இதில் இனிமை இருந்தது என்று சொல்ல மாட்டேன். தம்மை நம்பவில்லையோ என்று பலர் முகம் சுளித்தனர். அவர் தம்மையே நம்பவில்லை என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது.

நான் ஓய்வுபெற்ற நூலகன். அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் திரட்டுவது என் நெடுங்கால ஈடுபாடு. அதை அறிந்து, ஒரு ஞாயிறு காலை இரண்டு பக்க ஆங்கிலக் குறிப்போடு வந்தார். புற்றுநோய்க்கென வந்துள்ள புதிய மருந்துகளைப் பற்றி நோயாளிகளுக்கு விளக்கும் குறிப்பு அது. "மராட்டியில இருக்குங்க, இந்தியில இருக்குங்க. கட்கி, போபோடியில இருந்து வர்ற நம்ம ஆளுங்களுக்குத் தமிழ்ல ஒண்ணும் இல்லீங்க" என்றார். ஒரு வாரம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. இலக்குநோக்கு மருத்துவம் என்று எழுதினேன். நோயெதிர்ப்பு அணுக்கள் என்று எழுதினேன். ஒரு மருந்துக்குப் புற்று கட்டுப்படாமற் போவதை மருந்தெதிர்ப்பு என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, நன்று என்று கையொப்பமிட்டார். தாள் அச்சாயிற்று. என் தங்கை வீட்டிலும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அங்கே அது தேவைப்பட்டது. என் தங்கையின் கணவருக்கு நுரையீரற் புற்று. போபோடியில் பிறந்து வளர்ந்தவர். படைக்கலத் தொழிற்சாலை ஒன்றில் முப்பதாண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வாழ்நாளில் புகைபிடித்ததே இல்லை. அவருடைய திசுவில் ஒரு மரபணு மாற்றம் தெரிந்தது. அம்மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரை இருந்தது. நாளொன்றுக்கு ஒன்று. இரண்டு திங்களில் கட்டி சுருங்கி, அவர் மறுபடி ஆற்றங்கரைவரை நடக்கத் தொடங்கினார். அந்நாளில் ஒரு மாலை, நம் மருத்துவரைத் தங்கை வீட்டுக்கு அழைத்துச் சென்றேன்.

"மேடம், ஒரு டவுட்" என்றார் மைத்துனர். "உடம்புக்குள்ள இம்யூனிட்டி இருக்குன்றாங்க. சளி, காய்ச்சல் எது வந்தாலும் அடிச்சு வெரட்டுது. இத மட்டும் ஏன் சும்மா விட்டுச்சு?"

"உங்க ஃபேக்டரி கேட்ல எப்படிங்க உள்ள விடுவாங்க?"

"பாஸ் காட்டணும். காட்டுனா சலாம் போட்டு விட்ருவான்."

"அதேதானுங்க. காவலுக்குச் சுத்தற அணு கிட்ட வந்ததும் இது ஒரு பாஸை நீட்டுது. நம்ம ஆளு, கைய வெக்காதேன்னு. காவக்காரர் திரும்பிப் போயிடறாரு."

மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டூப்ளிகேட் பாஸா?"

"டூப்ளிகேட்டா இருந்தா ஈஸியா புடிச்சிருக்கலாமுங்க. இது அசல். காவக்காரர் கோவத்துல சொந்த உடம்பையே அடிச்சுடக் கூடாதுன்னு உடம்பே குடுத்து வெச்ச பாஸு. நல்ல செல்லும் அதைத்தான் காட்டும்."

"அரே பாப்ரே! உள் ஆளு!"

"உள் ஆளுதானுங்க. சிலது பாஸைக் காட்டும். சிலது அடையாளமே தெரியாம மூஞ்சிய மூடிக்கும்."

"அப்போ எங்க கல்லி மூலை வீட்டுல ஒரு அண்ணனுக்கு இம்யூனிட்டி ஊசி போடறாங்களே, அத எனக்கும் போட்ருங்களேன்."

"அந்த ஊசி பாஸை மறைக்கும். காவக்காரர் ஏமாறாம அடிப்பாரு. ஆனா உங்களது மாதிரி வகைக்கு அந்த ஊசி அவ்வளவா கேக்கறதில்லீங்க. உங்களுக்கு மாத்திரைதான். எங்க, இப்ப நீங்க புரிஞ்சுக்கிட்டதைச் சொல்லுங்க."

மைத்துனர் ஒரு பிழையுமில்லாமல் ஒப்பித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதையே மச்சான் சொல்லியிருந்தா ரேடியோவுல நியூஸ் வாசிச்ச மாதிரி இருந்திருக்கும். நானும் வணக்கம்னு ஆஃப் பண்ணியிருப்பேன்."

அந்த ஏளனத்தை அன்று நான் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒன்றேகால் ஆண்டு சென்றது. அடங்கியிருந்த இருமல் திரும்பி வந்தது. இரண்டாம் மாடியிலிருந்த தம் வீட்டுக்கு ஏறுகையில் நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினார். படம் எடுத்தார்கள், கட்டி வளர்ந்திருந்தது. புற்றுநோய் மருத்துவர், மாத்திரைக்குப் புற்று கட்டுப்படவில்லை என்றும், காரணத்தை இரத்தத்தில் தேடியதில் எதுவும் அகப்படவில்லை என்றும், ஊசி செலுத்தி நுரையீரலிலிருந்து மறுபடி திசு எடுக்க வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் விரைந்து கூறினார். உள்ளே இருந்தவன் நான் மட்டுமே. மைத்துனர் வெளியே சக்கர நாற்காலியில் இருந்தார். நான் வந்து, எனக்குத் தெரிந்த நல்ல தமிழில் அவருக்குச் சொன்னேன்.

"மாப்பிள்ளை, எதிர்ப்பு உருவாகியிருக்கிறது. மேற்கொண்டு திசு எடுத்துப் பார்க்க வேண்டுமாம்."

அவர் முகம் மலர்ந்தது. இவ்வளவு கடுமையான செய்தியை எத்துணைத் திண்மையோடு ஏற்கிறார் என்று நான் வியந்தேன்.

பத்து நாள் கழித்து மின்தூக்கியில் மருத்துவர் கேட்டார். "ஊசி எந்தத் தேதிங்க அய்யா?"

"கணபதித் திருவிழா முடியட்டும் என்கிறார்."

"ஏனுங்க?"

"அவர் விருப்பம். மனத்துணிவோடு இருக்கிறார்."

ஆறாம் மாடியில் கதவு திறந்தது. அவர் கையை நீட்டி அது மூடாதபடி பிடித்துக்கொண்டார். "அவரு என்ன புரிஞ்சுக்கிட்டாருன்னு கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. அன்று மாலையே இருவரும் ஆட்டோவில் போபோடிக்குப் போனோம். விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பாலத்தடியில் இளைஞர்களும் பெண்களும் இடுப்பில் டோல் முரசு கட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அந்த முழக்கம் தங்கை வீட்டுக் கூடம்வரை வந்து பாத்திரங்களை அதிரச் செய்தது. தங்கை எங்களைக் கண்டதும் அட்டைப்பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு பேடா கொடுத்தாள்.

"என்ன விசேஷமுங்க?" என்றார் மருத்துவர்.

"இவருக்கு எதிர்ப்பு வந்துருச்சு இல்ல டாக்டர்! உடம்பே நோய எதிர்க்க ஆரம்பிச்சிருச்சு. அண்ணாதான் வந்து சொல்லுச்சு. கல்லி பூரா ஸ்வீட் குடுத்தோம். கீழ் வீட்டு மராட்டிக்காரம்மா இவருக்காக ஆரத்தியே எடுத்தாங்க."

பேடா என் கையிலேயே நின்றுவிட்டது.

மருத்துவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மைத்துனரிடம் மெதுவாகக் கேட்டார். "அப்ப இருமல் ஏன் ஜாஸ்தியாச்சுன்னு நெனச்சீங்க?"

"உள்ள சண்டை நடக்குதுல்ல மேடம்" என்றார் அவர். "சண்டைன்னா சத்தம் இருக்கத்தானே செய்யும்."

இதைச் சொல்லி முடிக்கும்முன்னரே அவருக்கு இருமல் வந்தது. அது அடங்கும்வரை மருத்துவர் காத்திருந்தார். பிறகு நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"எதிர்ப்பு வந்தது உங்களுக்கு இல்லீங்க. அதுக்கு. நீங்க சாப்பிடற மாத்திரைய அது எதிர்க்கக் கத்துக்கிச்சு."

வெளியே டோல் நின்று மறுபடி தொடங்கியது. தங்கை பேடாப் பெட்டியை மூடினாள். மூடி சரியாக அமரவில்லை. அமுக்கி அமுக்கி மூடினாள். மைத்துனர் சுவரில் செருகியிருந்த என் தாளை எடுத்துக் கண்ணாடியின்றிக் கையெட்டும் தொலைவில் பிடித்துப் பார்த்தார். "இதுலயும் எதிர்ப்புன்னுதானே இருக்கு" என்றார். குற்றஞ்சாட்டும் குரலாக அது இல்லை. அதனால் எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

"ஊசி இந்த வாரமே போடணுமுங்க" என்றார் மருத்துவர்.

"நஹி மேடம். ஊசி மட்டும் வேணாம்."

அதற்குக் காரணம் இருந்தது. முதன்முறை ஊசி செலுத்தியபோது நுரையீரலில் காற்றுக் கசிந்து, நான்கு நாள் விலாவில் குழாயோடு படுத்திருந்தார். திருவிழாவைச் சொல்லி நாள் தள்ளியதும் அந்த அச்சத்தால்தான். "பழைய பீஸ் உங்ககிட்ட மெழுகுல இருக்குல்ல? அதையே இன்னொரு வாட்டி பாருங்க."

"அது ஒண்ணரை வருசத்துக்கு முந்தி இருந்த ஆளுங்க. இப்ப உள்ள இருக்கறது வேற ஆளு."

"ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே?"

"கிடைக்கலைன்னு சொன்னாங்க. இல்லைன்னு சொல்லலை. ரெண்டும் வேறங்க."

மைத்துனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கை கண்ணைத் துடைத்தாள். இனி அறிவுரை தொடங்கும் என்று எண்ணினேன். மருத்துவர் தொடங்கவில்லை. தொழிற்சாலையைப் பற்றிக் கேட்டார்.

"ஒரு வருசமா கரெக்டா உக்காந்துட்டு இருந்த பார்ட் ஒண்ணு, ஒரு நாள் உக்காரலை. நீங்க என்னன்னு பாப்பீங்க?"

மைத்துனர் முகத்தை இப்பக்கம் திருப்பினார். பிறகு தொழில் அவரைப் பேசவைத்தது. "பிசிறு இருக்கும். கொஞ்சமா ஒரு எடத்துல தூக்கிட்டு நின்னாப் போதும், உக்காராது."

"வேற?"

"இல்லன்னா யாராச்சும் குழியோட சைஸையே மாத்தியிருப்பான். இல்லன்னா இந்த மெஷினே வேணாம்னு பக்கத்து மெஷின்ல ஜாபை ஓட்டிட்டு இருப்பான். நாம இங்க நின்னு தட்டிட்டே இருப்போம், வேலை அங்க நடக்கும்."

"மூணும் நடக்குமுங்க. நீங்க சொன்ன மூணும் இந்த நோய்ல நடக்குது. உங்களுக்கு எதுன்னு எனக்குத் தெரியலை. எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

"தொறந்து பாக்காம எப்படி மேடம்..." என்றவர், பாதியில் நின்றுவிட்டார்.

"ஆமாங்க" என்றார் மருத்துவர். அவ்வளவே.

மைத்துனர் விலாவைத் தடவியபடி கேட்டார். "மறுபடி காத்து எறங்குமா?"

"எறங்கலாமுங்க. எறங்காதுன்னு சொல்ல மாட்டேன். எறங்குனா என்ன பண்றதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

"பிசிறு கெடச்சா?"

"அந்தப் பிசிறோடவே போய் உக்கார்ற மாதிரி இன்னொரு மாத்திரை இருக்குங்க."

"கெடைக்கலன்னா?"

"அப்ப வேற யோசிக்கணும். ஆனா தெரிஞ்சு யோசிக்கலாம்."

மைத்துனர் கூரையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "பர்சோ வர்றேன்னு சொல்லிருங்க" என்றார். அங்கே பர்சோ என்றால் நாளை மறுநாள்.

திரும்புகையில் ஆட்டோவில் அந்தப் பேடா இன்னும் என் கையில் இருந்தது. என் வாழ்நாளில் ஒரு சொல்லால் ஒருவருக்குத் தீங்கு செய்திருப்பேன் என்று நான் எண்ணியதில்லை. பத்து நாள்! உடலுக்குள் அது பெருகிக்கொண்டிருந்த பத்து நாள், என் மொழிபெயர்ப்பால் தெரு முழுதும் இனிப்பாகப் பங்கிடப்பட்டிருந்தது.

பாலத்தைக் கடக்கும்போது அவர் சொன்னார். "தாளைப் படிச்சுக் கையெழுத்துப் போட்டது நானுங்க அய்யா. நோய் எதிர்ப்பு மேல இருக்குது, மருந்து எதிர்ப்பு பத்து வரி கீழ இருக்குது. ஒண்ணு நம்ம பக்கம், இன்னொண்ணு அது பக்கம். நான் எனக்குத் தெரிஞ்சதைப் படிச்சேன். எழுதியிருந்ததைப் படிக்கலை."

அதற்குமேல் வருந்தி அவர் நேரம் கழிக்கவில்லை. மறுநாளே மருத்துவமனையில் எஞ்சியிருந்த தாள்களை எடுத்துவந்தார். ஏற்கெனவே வாங்கிச்சென்ற குடும்பங்களின் எண்களைத் தேடி, பணி முடிந்த மாலைகளில் என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஒவ்வொருவராக அழைத்தார். "எதிர்ப்புன்னு போட்டிருக்குதுல்லீங்க, அதை நீங்க என்னன்னு புரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டார். மேலும் இருவர் அதை நற்செய்தியாகவே கொண்டிருந்தனர். ஒருவர் அவரை மருந்து விற்பவர் என்று எண்ணி வைதுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அவரை மறுபடி அழைத்தார்.

புதிய தாளில் என் சொல் இல்லை. "மாத்திரை இனி வேலை செய்யவில்லை, புற்று தன்னை மாற்றிக்கொண்டது" என்று இருந்தது. முப்பதாண்டு சொல் திரட்டியவனுக்கு அதை அடித்து எழுதுவது எளிதாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் தயக்கத்தைக் கண்டு அவர் கூறினார். "சொல்லு நல்லாத்தானுங்க இருக்குது. புத்தகத்துல வெச்சுக்குங்க. வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்."

ஊசி போட்டார்கள். காற்றுச் சிறிது கசிந்தது, தானே அடங்கியது. திசு அவர் மேசைக்கே வந்தது. பழைய அறிக்கையை அன்றும் கவிழ்த்து வைத்திருப்பார். மரபணுச் சோதனை முடிவு வந்தபோது, மைத்துனர் சொன்னது சரியாக இருந்தது. மாத்திரை சென்று அமர வேண்டிய குழியின் வாயிலில், முன்பு இல்லாத ஒரு சிறு மாற்றம். அவருடைய பிசிறு. அதற்கான வேறு மாத்திரை தொடங்கப்பட்டது. எத்தனை நாளைக்கு என்று தங்கை கேட்டதற்கு, "தெரியாதுங்க" என்று மருத்துவர் நேராகச் சொன்னார். அது மூன்று தீபாவளிகளைத் தந்தது. அதன்பின் அதுவும் வலுவிழந்தது. அப்போது ஊசிக்கு நாள் கேட்டு வாங்கியவர் மைத்துனரே. ஆனால் அதற்குள் நம் மருத்துவர் வடகிழக்கில் வேறொரு மருத்துவமனைக்குப் போய்விட்டிருந்தார்.

நான் நினைத்துக்கொள்வது அந்தப் புதிய மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரத்தை. காலையில் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, சமையக்கட்டுல இருந்தேன். கூடத்துல சத்தமே இல்ல. இருமலே கேக்கல. என்னமோ ஏதோன்னு கரண்டியோட ஓடிப்போய்ப் பாத்தேன். மனுஷன் ஜன்னல்ல நின்னுட்டுக் கீழ பால்காரன்கூட வம்பளந்துட்டிருக்காரு."

அன்று மாலை மின்தூக்கியில் அதை மருத்துவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் எவ்வித மாற்றமும் இல்லை. "அடுத்த ஸ்கேன் எந்தத் தேதிங்க?" என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். தலையசைத்தார். எனக்குச் சிறிது சினமாகக்கூட இருந்தது.

ஆறாம் மாடியில் நான் இறங்கினேன். அவரும் இறங்கினார். என் கதவைக் கடந்து நடைவழியின் கோடிவரை நேரே நடந்து, கடைசி வீட்டின் பூட்டில் தம் சாவியை நுழைத்துத் திருகினார். எட்டாம் மாடியில் அவர் வீடு இருப்பது அந்த இடத்தில்தான். சாவி திரும்பவில்லை. ஓசை கேட்டுக் கதவைத் திறந்த மராட்டிய அம்மையார் அவரைக் கண்டு திகைத்தார்.

"காய் ஜாலா, டாக்டர்?" என்றார். என்ன ஆயிற்று என்று பொருள்.

மருத்துவர் கதவில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தார். மாடி எண்ணைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்கள் நிறைந்திருந்தன.

"சாங்லா ஜாலா" என்றார். நல்லது ஆயிற்று.